மஞ்சள் துணி கட்டாத மரம்

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம். நகை மேல் இல்லை, புடவை மேல் இல்லை. பக்கத்து வீட்டில் கலர் டிவி வந்தபோது போய் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்துவிட்டு வந்தேன், வயிறு எரியவில்லை. ஆனால் இன்னொருத்தி வைத்த செடி தழைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த இன்னொருத்தி சொந்த ஓரகத்தியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக் காட்டு வழியாக ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். நான் அங்கே வாக்கப்பட்டு வந்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. என் வீட்டுக்காரரின் தம்பிக்குத் தொண்ணூற்றாறில் கல்யாணம் ஆனது. பெண் ஜெயங்கொண்டம் பக்கம். ஒல்லியாக இருப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கு வாயைத் திறக்க மாட்டாள். “அக்கா, அக்கா” என்று என் பின்னாலேயே வந்தாள். முதல் ஆறு மாதம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் கொல்லை என் ராஜ்யம். ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் எனக்கு ஆகாது. இந்த மண்ணில் தானாக வருகிற செடிகளைத்தான் தேடித் தேடிக் கொண்டுவந்து வைப்பேன். ஆடாதொடை, தூதுவளை, நொச்சி, நன்னாரி, சிறுகுறிஞ்சான். ரேடியோவில் மூலிகை பற்றி யாராவது பேசினால் அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் நோட்டை எடுத்து எழுதிக்கொள்வேன். ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் நாலு இலை கேட்டு என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நான் உடனே பறித்துக் கொடுத்துவிட மாட்டேன். எத்தனை நாளாக இருமல், என்ன சாப்பிட்டாய் என்றெல்லாம் டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போவேன். அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வைப்பதில் பாதி செத்துப்போகும். அக்கறை அதிகமாகி, காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவேன். வறண்ட காட்டில் பிறந்த செடிகள் அவை, வேர் அழுகிப்போகும். ஒருமுறை பிரண்டையே என் கையில் அழுகிப்போனது. கல்லுச் சந்தில் எறிந்தாலும் பிழைத்துக்கொள்கிற பிரண்டை! “பெரண்டைய சாவடிக்கிறதுக்குத் தனித் தெறமை வேணும்டி” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஓரகத்தி சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு அழுக்குத் துணி முடிச்சும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வெறும் விதைகள். முசுமுசுக்கை, வெள்ளைச் சங்கு, குன்றிமணி, இன்னும் எனக்குப் பெயரே தெரியாத ஏதேதோ. கொல்லையில் பாதி அவர்களுக்கு என்று மாமனார் பிரித்துவிட்டிருந்தார். நடுவில் கிளுவை வேலி. அவள் தன் பாதியில் குழிகூட ஒழுங்காகத் தோண்டவில்லை. விரலால் குத்தி விதையைப் போட்டுவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள். ஒரு மழைதான் பெய்தது. வேலியே தெரியாத அளவுக்கு ஏறிவிட்டது. என் பக்கம் நன்னாரி மஞ்சளடித்து நின்றது.

“என்னத்தடி போட்ட?” என்றேன்.

“ஒண்ணும் போடல அக்கா. சும்மா வுட்டுட்டேன். நீங்களும் கொஞ்ச நாளு தண்ணி ஊத்தாம வுட்டுப் பாருங்களேன்.”

அவள் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னாள் என்பதற்காகவே அதற்கு மேலும் ஒரு குடம் ஊற்றினேன்.

எங்கள் ஊரில் விதைப்பு என்றால் முதல் கை விதையைக் கைராசி உள்ளவரிடம் கொடுத்துப் போடச் சொல்வார்கள். கடலையோ, சின்ன வெங்காயமோ, எதுவானாலும் அப்படித்தான். இரண்டு வருஷத்தில் ஊரே அவளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. “சின்னவள வரச் சொல்லுங்க, அவ கையால போட்டா நல்லா வரும்.” அவளுக்குக் குழந்தை தரிக்கவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அதை நினைக்கவில்லை. எந்த விசேஷத்திலும் அப்படிப்பட்டவளை ஓரமாக நிற்கச் சொல்கிற ஊர், விதை என்று வந்தால் அவள் வாசலில் போய் நின்றது. இலை கேட்டு வருகிறவர்களும் என் வாசலைத் தாண்டி அவள் பக்கம் போனார்கள். அவள் எதுவும் விசாரிக்க மாட்டாள். “வேணுங்கறத பறிச்சுக்கங்க” என்பாள். அதற்குத்தான் கூட்டம்.

ஒருநாள் மத்தியானம், அவள் காட்டுக்குப் போயிருந்த நேரம், எங்கள் ஆட்டை அவிழ்த்து வேலிச் சந்து வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அது சுற்றிக்கொண்டு திரும்பி வந்து என் நன்னாரியை மேய்ந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு யாரிடம் சொல்லி அழுவது?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாமி காட்டு விஷயம் வந்தது.

ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில். அதைச் சுற்றி இருக்கிற மரக்கூட்டத்தைச் சாமி காடு என்போம். செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது; சுள்ளி பொறுக்கக்கூடாது; அரிவாள், கோடாலி என்று எந்த இரும்பும் உள்ளே நுழையக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டால்தான் உசிலை, வெப்பாலை, குருந்து என்று வேறெங்கும் காணாத மரங்கள் அங்கே நின்றன. அதே கட்டுப்பாடுதான் கெடுதலும் செய்தது. எங்கிருந்தோ சீமைக்கருவை உள்ளே வந்து முளைத்துவிட்டது. சாமி காட்டில் முளைத்துவிட்டதால் அதுவும் சாமி மரம் ஆகிவிட்டது. யார் வெட்டுவது? கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்குப் பரவி, அடியில் ஒரு நாட்டுக் கன்று தலையெடுக்க விடாமல் செய்துவிட்டது.

அங்கே இரண்டு வீரை மரங்கள் இருந்தன. உடம்பு முழுக்கக் குழியும் முண்டுமாக, முறுக்கிப் பிழிந்த மாதிரி நிற்கும். கோடையில் மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் இலை பச்சையாக இருக்கும். ஒரு மரம் வைகாசியில் சிவப்புச் சிவப்பாகப் பழுக்கும். குருவிகளுக்கு மிச்சம் வைத்துவிட்டு நாங்களும் தின்போம். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவதும் அந்த மரத்தில்தான். இருபது அடி தள்ளி நின்ற இன்னொன்று காய்த்ததே இல்லை. அதில் ஒரு கயிறுகூட யாரும் கட்டியதில்லை.

இரண்டாயிரத்தில் எங்கள் ஊரில் மகளிர் குழு ஆரம்பித்தோம். நான்தான் தலைவி, கையெழுத்துப் போடவும் ஆபீசரிடம் நிமிர்ந்து பேசவும் வேறு ஆள் இல்லை. அடுத்த வருஷம் வனத்துறை நாற்றங்காலிலிருந்து ஒரு சார் வந்தார். சாமி காட்டைச் சுத்தம் பண்ணி, அங்கே இருக்கிற மரங்களின் விதையிலேயே கன்று வளர்த்துக் கொடுத்தால், ஏரிக்கரையிலும் வைக்கலாம், மற்ற ஊர்களுக்கும் கொடுக்கலாம் என்றார். “முக்கியமா அந்த வீரைம்மா. இந்தச் சுத்து வட்டாரத்துல நான் வேற எங்கயும் பாக்கல. அத மட்டும் வுட்டுடாதீங்க” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். என்னிடம்! அவளிடம் இல்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. இந்த ஊருக்கு வீரையை வளர்த்துக் கொடுத்தவள் என்று என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சீமைக்கருவையை வெட்ட வேண்டுமானால் இரும்பு உள்ளே போயாக வேண்டும். பூசாரி, “நான் எப்படிச் சொல்றது? சாமியக் கேட்டுக்குங்க” என்றார். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. எடுக்கப் போவது யார்? தலைவி நான் முன்னால் நிற்கிறேன். நாலைந்து குரல் ஒரே நேரத்தில் கேட்டது: “சின்னவள எடுக்கச் சொல்லுங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். “எடு, எடு” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. எடுத்தாள். வெள்ளைப் பூ. பெண்கள் குலவை போட்டார்கள். சிவப்பு வந்து தொலைத்திருக்கக்கூடாதா என்று அந்த நிமிஷம் நினைத்தேன். சாமி சன்னதியில் நின்றுகொண்டு, என் வேலையே கெட்டுப்போகட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். பொறாமை ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள்.

பூசாரி ஒரு ஏற்பாடு சொன்னார். மூன்று நாள் மட்டும் இரும்பு உள்ளே வரலாம். நிற்க வேண்டிய மரத்துக்கெல்லாம் சாமி காலடியில் வைத்தெடுத்த மஞ்சள் துணியைக் கட்டிவிட வேண்டும். கட்டின மரம் சாமியுடையது, கோடாலி தொடக்கூடாது. கட்டாததெல்லாம் போய்விடும். கரி மூட்டம் போடுகிற ஆட்கள் வந்து வெட்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. துணிக் கட்டு தலைவியான என் கையில்.

அந்தக் காலை நேரம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. குழுப் பெண்கள் எல்லாரும் வரிசையாக வந்து என்னிடம் துணி வாங்கிக்கொண்டு போய் மரம் மரமாகக் கட்டினார்கள். உசிலைக்குக் கட்டினோம், குருந்துக்குக் கட்டினோம், பழுத்துக் கிடந்த வீரைக்கு நானே இரண்டு சுற்றாகக் கட்டினேன். ஓரகத்தி அதன் அடியில் உட்கார்ந்து பழம் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினாள்.

“அக்கா, அந்தக் காய்க்காத வீரைக்கும் ஒரு துணி குடுங்க.”

“அது எதுக்கு? ஒரு நாளாவது ஒரு பழம் குடுத்திருக்கா? அந்த எடத்துல கன்னு வளக்கக் கீத்துக் கொட்டாய் போடணும். எடத்த அடச்சிக்கிட்டு நிக்கிது.”

“அதுலயும் பூ வருது அக்கா. மாசியில பாத்தேன். வண்டெல்லாம் அதுலேருந்து பறந்து இதுக்கு வருது. அது நின்னா நல்லதுன்னு தோணுது.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் பின்னால் நின்றவர்கள், “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், ஒரு துணிதானே, குடுத்துடுங்களேன்” என்றார்கள். அவள் சொன்னால் சரியாக இருக்குமாம்! நோட்டுப் போட்டு எழுதினவள் நான், ஆபீசரிடம் நடையாய் நடந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

“புள்ள பெறாதவளுக்குக் காய்க்காத மரத்து மேல பாசம் பொத்துக்கிட்டு வரத்தான் செய்யும். அதுக்கெல்லாம் சாமி துணி கெடையாது.”

அவள் நீட்டின கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். மடியில் இருந்த பழம் கீழே விழாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த வழியே நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மத்தியானம் கரிக்காரர்கள் வந்தார்கள். கட்டாத மரம் என்பதால் கேட்காமலேயே வெட்டினார்கள். வீரைக் கட்டை கல் மாதிரி. விழ வைக்கச் சாயந்திரம் வரை ஆனது. அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆடிக்கு முன்னாலேயே கொழுந்தனார் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு, ஜெயங்கொண்டம் பக்கம் அவள் பிறந்த ஊருக்கே போய்விட்டார். அங்கே முந்திரித் தோப்பில் வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் கதவுச் சந்தில் நின்று பார்த்தேன். அண்டாவைக்கூட அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மண் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் அடுக்கினாள். அந்தப் பழத்து விதைகளைத்தான் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. வயிறு எரிந்தது எனக்கு. அழுதிருக்க வேண்டிய நேரத்திலும் வயிறுதான் எரிந்தது. நானும் மீதிப் பழத்தைப் பொறுக்கி, நாற்பது பைகளில் விதை போட்டேன். நாற்பதுக்கும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட நிலைக்கவில்லை.

அடுத்த வைகாசியில் வீரை பழுக்கவில்லை. மழை இல்லாத வருஷம் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஏரி வறண்டு கிடந்தது, யாரும் மரத்தைக் குறை சொல்லவில்லை. சாமிக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று பொங்கல்கூட வைத்தோம். இதற்குள் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தும்விட்டது. நாங்கள் இரண்டு பேரும்தான் சேரவில்லை. கல்யாணம், கருமாதியில் பார்த்தால் அவள் தலையை அசைப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் அடித்து ஊற்றின மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. அடுத்த மாசியில் வீரை கிளை தெரியாமல் பூத்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று நான் பைகளில் மண் நிரப்பி வைத்தேன். பூ உதிர்ந்தது. ஒரு பிஞ்சு நிற்கவில்லை.

விதை வாங்க வந்த நாற்றங்கால் சார் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எத்தன மரம்மா இருந்துச்சு?”

“ரெண்டு சார். ஒண்ணு காய்க்கவே காய்க்காது. சுத்தம் பண்ணும்போது வெட்டிட்டோம்.”

அவர் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். “அது ஆண் மரம்மா. பனை மாதிரிதான் இதுவும். ஆண் தனி, பொண் தனி. அது இல்லாம இது காய்க்காது.”

பாவாடை கட்டின வயதிலேயே எனக்கு ஆண் பனை எது, பெண் பனை எது என்று தெரியும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நுங்கு தராத ஆண் பனையை யாராவது மலட்டு மரம் என்று சொன்னால் சிரிப்போம். வீரைக்கு மட்டும் அந்த நினைப்பு எங்கே போனது? தொட்டில் கட்டிக் கட்டி, பழுக்கிற ஒன்றைத்தான் மரம் என்று வைத்திருந்தோம்.

“இப்ப என்ன சார் பண்றது?”

“சுத்து வட்டாரத்துல வேற வீரை இல்ல. இந்த மரம் இருக்கிற வரைக்கும் இருக்கும். அப்புறம் இந்தக் காட்டுல வீரைன்னு ஒண்ணு கெடையாது. யாராவது பழைய விதையில கன்னு வளத்திருந்தாத்தான் உண்டு.”

யாராவது! எனக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தி.

நாலு மாதம் தள்ளிப்போட்டேன். புரட்டாசியில் வேறு வழியில்லாமல் கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறினேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஜன்னலோரம் உட்கார்ந்த என் புடவை வெளுத்துவிட்டது. என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஜெயங்கொண்டம் தாண்டி இறங்கி, வீட்டை விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. செம்மண் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நொச்சியும் ஆவாரையும் வெள்ளைச் சங்குமாக இருந்தது. இங்கேயும் எல்லாரையும் வளைத்துப்போட்டுவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கெஞ்சப் போன இடத்திலும் எரிச்சல்.

அவள் வாசலில், வேப்ப மர நிழலில் சிமெண்டுச் சாக்குகள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு வீரைக் கன்றுகள். இடுப்புயரம். ஐந்து வருஷம் வளர்த்தால் அந்த உயரம்தான் வரும். இலை பளபளவென்று இருந்தது.

“வாங்க அக்கா” என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. நான் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள். மரம் காய்க்காமல் போனதைச் சொன்னேன். சார் சொன்னதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“ஆணு பொண்ணுன்னெல்லாம் எனக்குத் தெரியாது. அது போனா இது காய்க்காதுன்னு மனசுக்குப் பட்டுச்சு. அதச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். அதுக்குள்ளார நீங்க வேற சொல்லிட்டீங்க.”

“கன்னு வேணும்” என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ!

“தரேன். இதுல எது ஆணு, எது பொண்ணுன்னு பூக்குற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால ரெண்டு மூணு வச்சா ஆவாது. எங்க ஊருக்குன்னு ஒண்ணு வச்சுக்கறேன். மிச்சம் பதினொண்ணையும் நானே கொண்டாரேன். ஆனா ஒண்ணு அக்கா. அன்னிக்கு எங்க வச்சு, யாரு முன்னால சொன்னீங்களோ, அங்கயே, அவங்க முன்னால நீங்க சொல்லணும்.”

“தப்புன்னுதானே? சொல்லிடறேன்” என்றேன், சட்டென்று.

“தப்புன்னு சொல்ல வேணாம். அதச் சொன்னா உங்களுக்கு நல்ல பேருதான் வரும். பெரிய மனசுன்னு சொல்லுவாங்க. பொறாமையில சொன்னேன்னு சொல்லுங்க.”

பத்து வருஷத்தில் அவள் என்னிடம் பேசின நீளமான பேச்சு அதுதான். காபி வைக்கிறேன் என்றாள், வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவளை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. எவ்வளவு திமிர்! ஊரே தலைவி என்று கூப்பிடுகிறவள் எழுந்து நின்று, எனக்குப் பொறாமை என்று சொல்ல வேண்டுமாம். பதினோரு கன்று வருகிறது என்று மட்டும் குழுவில் சொல்லிவிட்டு, அவள் கேட்டதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. குழுப் பெண்கள் தினமும் கேட்டார்கள், கன்று எப்போது வரும் என்று. நான் சாக்குச் சொன்னேன். அவர்களாகவே போய்ச் சாமி காட்டில் பதினோரு குழி தோண்டிவிட்டு வந்தார்கள். இரும்புக்கு மறுபடி பூசாரியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான். மழைத் தண்ணீர் குழிகளில் தேங்கி நிற்பதைப் போய்ப் பார்த்தேன். இந்த மழையை விட்டால் அடுத்த மழை எப்போதோ. தனியாக நின்ற அந்த வீரை மரத்தில் யாரோ புதிதாக ஒரு தொட்டில் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, கொழுந்தனாருக்குச் சொல்லியனுப்பினேன். “வரச் சொல்லுங்க. சொல்றேன்.”

லோடு ஆட்டோவில் கன்றுகளோடு வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டு எல்லையில் நின்றாள். சாக்குகளை இறக்கவில்லை. பெண்கள் ஓடிப்போய் அவளைச் சூழ்ந்துகொண்டு நலம் விசாரித்தார்கள். நான் கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள்.

“அன்னிக்கு இந்த எடத்துல இவளப் பாத்து ஒரு வார்த்தை சொன்னேன்” என்றேன். “மரத்துக்காகச் சொல்லல. எடத்துக்காகவும் சொல்லல. இவ வச்சா மொளைக்குது, நான் வச்சா சாவுது. எல்லாரும் இவளையே கூப்புட்டீங்க. எனக்குப் பொறாமை. பொறாமையிலதான் சொன்னேன்.”

கூட்டத்தில் மூத்தவள், களைக்குப் போகிறவள், சாதாரணமாகச் சொன்னாள்: “இது எங்களுக்கு அன்னிக்கே தெரியுமே.”

எனக்கு வந்ததே கோபம்! “தெரிஞ்சும் ஏன்டி ஒருத்தியும் என் கையிலேருந்து ஒரு துணியப் புடுங்கி அந்த மரத்துல கட்டல?”

“உன் வாய்க்கு யாரு பதில் சொல்றது?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குரலை இறக்கி, “அந்த மரத்துக்காகப் பேசுனா இவளுக்குப் புள்ள இல்லாததப் பத்திப் பேசுன மாதிரி ஆயிடுமேன்னு வுட்டுட்டோம்” என்றாள். ஓரகத்தி இதை இப்போதுதான் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஐந்து வருஷமாக அவள் என் ஒருத்தி மேல் மட்டும் வைத்திருந்த வருத்தம், அங்கே நின்ற எல்லார் மேலும் ஒரு நிமிஷம் போய் வந்தது.

“சரி, வெயில் ஏறுது. எறக்குங்க” என்றாள்.

சாக்கைக் கிழித்து, வேர் மண் உதிராமல் ஒவ்வொரு கன்றாக எடுத்து ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தாள். குழுவில் என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். வெட்டின மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்துக் குழியை எனக்கென்று நான் மனசில் ஒதுக்கி வைத்திருந்தேன். பதினோராவது கன்றை அவள் வேறொருத்தியிடம் கொடுத்து அந்தக் குழியைத்தான் காட்டினாள். ஆட்டோ காலி. என் கை வெறுங்கையாக நின்றது. வாழ்க்கையில் ஒரே நேரத்தில் பதினோரு பேர் மேல் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

“அக்கா, சும்மா நிக்காதீங்க” என்றாள். “மண்ணு தள்ளினதும் சுத்தி மிதிச்சு வுடுங்க. வேரு பக்கம் காத்து நிக்கக் கூடாது.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். பதினோரு குழியிலும் மண்ணை மிதித்தது நான்தான். ஒவ்வொரு கன்றையும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்த கை இன்னொருத்தியுடையது. குனிந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே, ஈர மண் கணுக்கால் வரை ஏற, எரிச்சலோடுதான் மிதித்தேன். ஆனால் ஒரு குழியில்கூடக் காற்று நிற்க விடவில்லை.